வயலுக்கு வெளியே விளைந்த வளம்: தமிழ்நாட்டுச் சிறு உழவர்களின் எரு முறைகளும் பொதுநில உரிமைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஏரி வண்டல், பசுந்தழை, ஆட்டுக்கிடை ஆகிய மூன்றும் தமிழ்நாட்டுச் சிறு உழவர்கள் மண்வளத்தைப் பேணக் கையாண்ட முதன்மையான முறைகளாகும். இயற்கை வேளாண்மை பற்றிய இன்றைய உரையாடலில் இவை உழவரின் தொழில்நுட்ப அறிவாகவே பெரிதும் எடுத்துரைக்கப்படுகின்றன. இம்முறைகளுக்குரிய மூலப்பொருள் ஏரி, காடு, புறம்போக்கு, மேய்ச்சல் வழி ஆகிய பொது இடங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தது. அவ்விடங்களின் மீது உழவருக்கு இருந்த உரிமை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் படிப்படியாகச் சுருங்கியதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேதியுரம் பரவலாவதற்கு முன்பே மரபான எரு முறைகளின் அடித்தளம் தளர்ந்துவிட்டது என்பதும், அவ்வுரிமைகள் மீளாமல் இம்முறைகளை மீட்க இயலாது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: சிறு உழவர், வண்டல், பசுந்தழை உரம், ஆட்டுக்கிடை, குடிமராமத்து, புறம்போக்கு, அங்கக வேளாண்மை.

முன்னுரை

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இரு குறட்பாக்கள் எருவைப் பற்றிப் பேசுகின்றன. நன்கு உழுது மண்ணைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் விளையும் என்கிறது ஒன்று. உழுவதைவிட எருவிடுதல் நன்று என்கிறது அடுத்தது. முரண்போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளையும் உழவின் இருவேறு நிலைமைகளுக்கு உரியனவாகக் கொள்ளலாம். நிலத்தை ஆறப்போடும் அளவுக்கு இடமும் காலமும் உள்ளவருக்கு முதற்கூற்று பொருந்தும். அதே துண்டு நிலத்தில் ஆண்டுதோறும் பயிரிட்டாக வேண்டியவருக்கு எருவன்றி வழியில்லை. சிறு உழவர் இரண்டாம் வகையினர்.

2015–16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் கைப்பற்று நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். மொத்தக் கைப்பற்றுகளில் ஏறத்தாழ 93 விழுக்காடு, 2 ஹெக்டேர் வரை நிலமுடைய குறு, சிறு உழவர்களுடையவை. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் அல்லது 6.25 டன் பசுந்தழை இடவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அவ்வாறாயின் சராசரி உழவர் ஒருவர் ஒரு போகத்துக்கு 9 டன்னுக்கு மேற்பட்ட தொழுவுரத்தையோ, ஏறத்தாழ 4.7 டன் தழையையோ திரட்ட வேண்டும். முக்கால் ஹெக்டேரிலேயே உணவுப் பயிரையும், மாட்டுக்குத் தீவனத்தையும், மண்ணுக்குத் தழையையும் விளைவித்துக்கொள்வது அரிது. இப்பற்றாக்குறையை முன்னோர் எங்கிருந்து ஈடுசெய்தனர் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா.

தமிழ்நாட்டின் ஏரிப்பாசனப் பகுதிகளையும் காவிரிப் படுகையையும் களமாகக் கொண்டு, வண்டல், தழை, கிடை என்னும் மூன்று வழிகளிலும் இவ்வினாவுக்குரிய விடை தேடப்படுகிறது. அதன்பின் அறிவியலும் அரசுக் கொள்கையும் இம்முறைகளை எதிர்கொண்ட விதமும், அண்மைக்கால மீட்பு முயற்சிகளும் மதிப்பிடப்படுகின்றன.

1. வண்டல்: ஏரியிலிருந்து வயலுக்கு

ஏரியில் படியும் வண்டல் வெற்றுச் சேறன்று. நீர்ப்பிடிப்புப் பகுதியின் மேல்மண், இலைச்சருகு, கால்நடைகளின் சாணம் ஆகியவை மழைநீரோடு அடித்துவரப்பட்டு ஏரியில் தங்குகின்றன. களிமண் கூறும் கரிமப்பொருளும் மிக்க அவ்வண்டலைச் செம்மண், மணற்பாங்கான நிலங்களில் இட்டால், சத்து கூடுவதோடு நிலம் ஈரத்தைத் தாங்கும் ஆற்றலும் பெருகுகிறது. அதன் பயன் பல ஆண்டுகள் நீடிக்கும். மேட்டு நிலம் இழந்த வளத்தை வண்டி மாட்டின் துணையோடு வயலுக்குத் திரும்பக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு இது. ஏரி வற்றியிருக்கும் கோடையே உழவு வேலை ஓய்ந்திருக்கும் காலமும் ஆதலால், ஆளும் வண்டியும் அப்போது எளிதில் கிடைத்தன. வண்டல் எடுப்பதால் ஏரியின் கொள்ளளவும் காக்கப்பட்டது.

ஏரிப் பராமரிப்பு ஊரமைப்பின் பொறுப்பாக இருந்ததற்குச் சோழர்காலக் கல்வெட்டுகள் சான்றாகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவை ஆண்டுதோறும் தெரிவுசெய்யும் முறையை விரிவாகக் கூறுகின்றன. ஏரியில் குழிகுத்தி மண்ணெடுக்கவும், அதற்கான ஓடங்களைப் பேணவும் நிலமும் பொன்னும் அறக்கட்டளையாக அளிக்கப்பட்ட செய்திகளைப் பிற கல்வெட்டுகளில் காண்கிறோம். அவ்வாறு எடுத்த மண் கரையை உயர்த்தவே இடப்பட்டதாகக் கல்வெட்டுகள் பேசுகின்றன. வயலுக்குச் சென்ற வண்டலைப் பற்றி அவை அவ்வளவாகக் குறிப்பதில்லை. அறக்கட்டளையும் வரியும் கல்லில் ஏறின. உழவரின் அன்றாட வழக்கம் ஏறவில்லை. கல்வெட்டின் மௌனத்தை வழக்கின் இன்மையாகக் கொள்ள இயலாது.

18ஆம் நூற்றாண்டில் செங்கற்பட்டுப் பகுதியில் தாமஸ் பர்னார்டு மேற்கொண்ட அளவைப் பதிவுகள் (1767–1774), ஊர் விளைச்சலில் ஒரு பகுதி பொதுப்பணிகளுக்கும் ஊர்த் தொழிலாளர்களுக்கும் ஒதுக்கப்பட்டதைக் காட்டுகின்றன. அவ்வொதுக்கீடுகளில் ஏரிக்குரிய பங்கும் ஒன்று. ஏரியைப் பேணும் செலவு களத்துமேட்டிலேயே நெல்லாகப் பிரிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். குடியேற்ற ஆட்சியின் நிலவரி முறை வேரூன்றியபோது விளைச்சலின் மீதான அரசின் உரிமை முதன்மை பெற்றது. ஊர்ப் பங்குகளும் மானியங்களும் குறைக்கப்பட்டன, அல்லது வேறு வடிவம் பெற்றன. ஏரியைப் பேணும் கடமை ஊரிடம் எஞ்சியது. அதற்கான வருவாய் எஞ்சவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பச் சட்டம் வந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடைப்பு போன்ற நெருக்கடிகளில் ஊரார் உழைக்க வேண்டும் என்பதோடு, வழக்கப்படி ஊரார் செய்துவந்த குடிமராமத்துப் பணிகளைச் செய்யத் தவறினால் அதற்கான செலவை அவர்களிடமிருந்து பெறவும் வழிவகுத்தது. வழக்கம் சட்டமாகியபோது அதன் இயல்பே மாறியது. முன்னர் ஏரிக்கு உழைப்பவருக்கு ஏரியின் நீர், மீன், புல், வண்டல் ஆகியவற்றில் பங்கிருந்தது. சட்டம் உழைப்பை மட்டுமே பெயர்த்தெடுத்தது. 1876–78 பஞ்சத்துக்குப் பின் 1883இல் தொடங்கிய ஏரி மீட்டமைப்புத் திட்டமும் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றின் கட்டுமானத்தையே முதன்மையாக நோக்கியது. வண்டல் பொறியாளரின் கணக்கில் கொள்ளளவுக் குறைவாக இடம்பெற்றதே தவிர, உழவரின் எருவாக இடம்பெறவில்லை.

விடுதலைக்குப் பின் ஏரிகளின் மேலாண்மை பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பகிரப்பட்டது. மின்னிறைப்பிகளின் பெருக்கத்தால் வசதியுள்ளோர் கிணற்றுக்கு மாறினர்; ஏரியின் மீதான அவர்களது அக்கறை தணிந்தது. 1960–61இல் 9 இலட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த ஏரிப்பாசனப் பரப்பு, 2000க்குப் பின் 6 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஏரியை நம்பி எஞ்சியவர்கள் கிணறு வெட்ட வழியற்ற சிறு உழவர்களே.

2. தழை: காட்டிலிருந்தும் புறம்போக்கிலிருந்தும்

நன்செய் உழவில் தழையுரம் இரு வகைப்படும். தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி போன்றவற்றை வயலிலேயே விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது ஒன்று. வேம்பு, புங்கன், பூவரசு, எருக்கு, ஆவாரை முதலியவற்றின் தழையைப் பிற இடங்களிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து சேற்றில் மிதிப்பது மற்றொன்று. முதல்வகைக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வயலை ஒதுக்க வேண்டும்; அதற்கேற்ற ஈரமும் வேண்டும். இரண்டாம் வகைக்கு உழைப்பு போதும். ஆனால் தழை வெட்டுவதற்கு ஓர் இடமும், அவ்விடத்தில் வெட்டும் உரிமையும் வேண்டும். சிறு உழவர் பெரிதும் சார்ந்திருந்தது இரண்டாம் வகையையே.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அவ்வுரிமையின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஊரார் காலங்காலமாகத் துய்த்த காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்க அச்சட்டம் வழி செய்தது. மேய்ச்சலும் விறகும் தழையும் அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டன. பல காடுகளில் வெள்ளாடு நுழைவது தடுக்கப்பட்டது. உழவர்களின் மனக்குறை பெருகியதால் நியமிக்கப்பட்ட சென்னை வனக்குழு 1913இல் தன் அறிக்கையை அளித்தது. மேய்ச்சல், தழை, விறகு ஆகியவை மறுக்கப்பட்டதும், அடிநிலை வனப் பணியாளர்களின் கெடுபிடியும் அக்குழுவின் முன் வைக்கப்பட்ட முறையீடுகளில் முதன்மையானவை. சிறு காடுகளை உழவர்களின் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என அக்குழு பரிந்துரைத்தது. வனப் பஞ்சாயத்துகள் பின்னர்ச் சில இடங்களில் அமைந்தன. முப்பதாண்டுகளுக்குப் பின் வந்த இப்பரிந்துரை, இழந்த உரிமையின் ஒரு பகுதியை மட்டுமே மீட்டது.

தழையும் விறகும் சாணமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இங்கிலாந்தின் அரச வேளாண்மைச் சங்கத்தின் வேதியியல் அறிஞரான ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1889 முதல் 1891 வரை இந்தியாவில் பயணம் செய்து 1893இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவர் அறியாமையால் சாணத்தை எரிக்கவில்லை, விறகின்மையால் எரிக்கிறார் என்பது அவருடைய தெளிவான முடிவு. ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் ஒதுக்குக்காடுகளை வளர்த்தால் சாணம் வயலுக்குத் திரும்பும் என்று அவர் வாதிட்டார். காட்டின் கதவு மூடப்பட்டால் அடுப்பங்கரையின் வழியாக வயல் மெலியும் என்னும் இத்தொடர்பை அக்கால ஆவணங்களில் வோல்க்கரளவு திட்டமாக எடுத்துரைத்தவர் மிகச்சிலரே.

அவர் பரிந்துரைத்த ஒதுக்குக்காடு பிற்காலத்தில் ஒருவகையில் உருவாயிற்று. சுவீடன் நாட்டு உதவியுடன் 1981இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டின் ஏரிப் படுகைகளில் கருவேல மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. விறகு விளைந்தது. ஆனால் விளைந்த மரம் ஏலத்துக்குச் சென்றது. வருவாய் அரசுத் துறைக்கும் ஊராட்சிக்கும் பிரிந்தது. மரம் நின்ற படுகையில் வண்டல் எடுப்பதும் தடைப்பட்டது. தானாகப் பரவிய சீமைக் கருவேலமும் சேர்ந்துகொண்டபோது, பல ஏரிகளின் படுகை உழவரின் வண்டி நுழைய முடியாத முட்காடாயிற்று. எருவின் ஒரு மூலத்தைக் காக்க எழுந்த கருத்து, உரிமையைப் பற்றிய சிந்தனையின்றி நிறைவேற்றப்பட்டதால் எருவின் இன்னொரு மூலத்தை அடைத்தது.

3. கிடை: நடந்து வந்த எரு

ஆட்டெரு அவ்வாண்டுக்கும் மாட்டெரு மறு ஆண்டுக்கும் பயன்தரும் என்பது தமிழ் உழவர் வழங்கும் பழமொழியின் கருத்து. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆடுகளை மடக்கி வைப்பதே கிடை போடுதல். புழுக்கையோடு சிறுநீரும் நேரே மண்ணில் இறங்குகிறது. குளம்பு மிதிபட்டு மண்ணோடு கலக்கிறது. பின்னர் உழுது மூடும்போது சத்தின் இழப்பு குறைகிறது. எருவைச் சேர்த்துவைக்கவோ சுமந்து செல்லவோ வேண்டியதில்லை. வண்டியும் மாடும் இல்லாத உழவருக்கும், வண்டி போகாத வயலுக்கும் இது ஏற்ற முறை.

இராமநாதபுரம், சிவகங்கை போன்ற வறண்ட மாவட்டங்களின் ஆயர்கள், கோடையில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்குச் செல்வது நெடுங்கால வழக்கம். வறண்ட நிலத்தில் மேய்ச்சல் தீரும் பருவமும், படுகையில் அறுவடைக்குப் பின் தாளடி நிற்கும் பருவமும் ஒத்துவருவதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. ஆயருக்கு நெல்லோ பணமோ கூலியாகக் கிடைத்தது; உழவருக்கு எரு கிடைத்தது. இருவேறு திணைகளின் தேவைகளை இணைத்த இவ்வுறவில் மந்தைக்குத் தலைமை தாங்கும் கீதாரி, பல ஊர்களின் உழவர்களோடு வாக்குறுதியின் பேரில் தொடர்பைப் பேணினார். தென்மாவட்டங்களில் புலிக்குளம் இன மாடுகளைக் கொண்டு மாட்டுக்கிடை போடும் வழக்கமும் உண்டு.

இவ்வழக்கம் மூன்று பொது வளங்களைச் சார்ந்திருந்தது. மந்தை நடப்பதற்கான வழி, வழியில் தங்குவதற்கான புறம்போக்கும் நீர்நிலையும், அறுவடைக்குப் பின் வயல்கள் எல்லோருடைய மந்தைக்கும் திறந்திருக்கும் மரபு ஆகியவையே அவை. ஊர்ப் புறம்போக்குகள் பட்டா நிலமாகவும் கட்டடங்களாகவும் மாறின. குறுகியகால நெல் இரகங்கள் வந்தபின் குறுவை, தாளடி என இருபோகம் விரிந்தது. நெல்லை அடுத்து உளுந்தும் பயறும் பருத்தியும் பல வயல்களைக் கோடையிலும் நிறைத்தன. மந்தைக்குத் திறந்த வயலும் தங்கும் நாட்களும் குறைந்தன. வழியையும் இடத்தையும் கைப்பற்றியபின், ஆயர் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

4. ஆய்வகமும் தொழிற்சாலையும்

மரபான எரு முறைகளை வேதியுரம் வீழ்த்தியது என்பது பரவலான கருத்து. காலவரிசையை நோக்கினால் இக்கருத்தைச் சற்றே திருத்த வேண்டியுள்ளது. வனச் சட்டம் 1882இல் வந்தது. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை சென்னைக்கு அருகே இராணிப்பேட்டையில் தொடங்கியது 1906இல். சூப்பர் பாஸ்பேட் உற்பத்தி செய்த அத்தொழிற்சாலையின் உரம் தோட்டப் பயிர்களுக்கு அப்பால் சிறு உழவரை எட்ட நெடுங்காலம் ஆயிற்று. ஆலுவாய்க்கு அருகிலுள்ள பாக்ட் நிறுவனம் அம்மோனியம் சல்பேட்டை உற்பத்தி செய்யத் தொடங்கியது 1947இல். தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியது 1960இல். ஆடுதுறை 27 நெல் இரகம் பரவியது அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில். பொதுநிலத்து எரு சுருங்கத் தொடங்கியதற்கும் வேதியுரம் வயலை வந்தடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ எண்பதாண்டுகள் உள்ளன.

அந்த எண்பதாண்டுகளில் மண் இன்னொரு வழியிலும் வளத்தை இழந்தது. தென்னார்க்காட்டின் நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்செய் ஆலைகளுக்குச் சென்றது. எண்ணெய் வித்து ஏற்றுமதியானபோது அதன் பிண்ணாக்கும் உடன் சென்றது, எலும்பும் கப்பலேறியது. தழைச்சத்தும் மணிச்சத்தும் இவ்வாறு நாட்டைவிட்டு வெளியேறுவது பற்றி வோல்க்கரும், 1928இல் அறிக்கை அளித்த அரச வேளாண்மை ஆணையமும் விவாதித்தனர். காட்டின் தழையை இழந்த உழவர், தம் நிலத்தின் பிண்ணாக்கையும் விலைகொடுத்து வாங்கும் நிலைக்கு வந்தார்.

இதே காலத்தில் அறிவியல் அங்கக எருவைப் புறக்கணித்தது என்று கூறுவதும் பொருந்தாது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிப் பண்ணையில் 1909இல் தொடங்கிய நிலையான உரச் சோதனை, தொழுவுரத்தையும் கனிம உரங்களையும் ஒரே நிலத்தில் நீண்டகாலம் ஒப்பிடும் சோதனையாகும்; நூற்றாண்டைக் கடந்தும் அது தொடர்கிறது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நிகழ்த்திய இராபர்ட் மெக்கரிசன், கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் இணைந்து, வெவ்வேறு உரமிட்டு விளைந்த தானியங்களின் உணவுச் சத்தை ஒப்பிட்டு 1926இல் வெளியிட்டார். தொழுவுரத்தில் விளைந்த தானியம் சத்தில் மேம்பட்டது என்பது அவர்களின் முடிவு. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, பண்ணைக் கழிவுகளை மக்கவைக்கும் முறையை யசுவந்த் வாடுடன் இணைந்து வகுத்து 1931இல் நூலாக்கினார்.

ஆயினும் இவ்வாய்வுகளுக்கு ஒரு பொது வரையறை இருந்தது. ஆய்வுப் பண்ணையில் தொழுவுரம் கிடைக்குமா என்னும் வினா எழுவதில்லை. எவ்வளவு இடவேண்டும் என்னும் வினாவே எழுகிறது. தொழுவுரத்தின் மேன்மையை அறிவியல் மெய்ப்பித்த அதே ஆண்டுகளில், அத்தொழுவுரத்துக்கு அடிப்படையான மேய்ச்சலும் விறகும் சிறு உழவரின் கையைவிட்டு நழுவின. பசுமைப் புரட்சி மானிய விலையில் ஒரு மூட்டை உரத்தை நீட்டியபோது, அவர் அதை ஏற்றதைப் பேராசையாகவோ அறியாமையாகவோ கருத இடமில்லை. வயலுக்கு வெளியே அடைபட்ட வழிகளுக்கு மாற்றாக அவருக்குக் கிடைத்தது அது ஒன்றே.

5. உழைப்பும் சாதியும்

பொதுநில உரிமைகளைப் பேசும்போது அவை எல்லோருக்கும் சமமாக இருந்தன என்று கொள்வது வரலாற்றுக்கு முரணாகும். மிராசு முறை நிலவிய ஊர்களில் ஏரி, புறம்போக்கு ஆகியவற்றின் மீதான உரிமை மிராசுதாரர் பங்கோடு இணைந்தது. வண்டல் வெட்டியவரும், தழை மிதித்தவரும், எருக்கூடை சுமந்தவரும் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்கள். குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினர். தாம் சுமந்த எருவை இடுவதற்கு அவர்களுக்கு வயல் இல்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. தரிசு நிலத்தைப் பெற அவர்கள் முயன்றபோது எழுந்த மிராசுதாரர்களின் எதிர்ப்பை அவ்வறிக்கையே பதிவுசெய்தது.

குடிமராமத்தின் உழைப்பும் இவ்வாறே பகிரப்பட்டது. ஊர் உழைத்தது என்று ஆவணம் கூறும் இடத்தில், ஊரின் எந்தத் தெரு உழைத்தது என்று வினவ வேண்டும். பழைய ஏற்பாடு சிதைந்ததற்குக் குடியேற்றச் சட்டங்கள் மட்டுமே காரணமல்ல. கூலியும் மதிப்புமற்ற உழைப்பிலிருந்து மக்கள் விலகியதும் ஒரு காரணம். அவ்விலகலில் நியாயம் உண்டு. ஆகவே மரபு முறைகளை மீட்பது என்பது மரபின் உரிமைப் பங்கீட்டை அப்படியே மீட்பதாக அமையலாகாது.

6. மீட்பு முயற்சிகள்

கோவில்பட்டி வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, 1969இல் அப்பணியைத் துறந்த கோ. நம்மாழ்வார் (1938–2013), மானாவாரி உழவருக்கு அரசின் பரிந்துரைகள் பொருந்தாமையை உள்ளிருந்தே கண்டவர். கரூர் மாவட்டம் கடவூருக்கு அருகே அவர் உருவாக்கிய வானகம், இயற்கை வேளாண்மைப் பயிற்சியின் மையமாயிற்று. இடுபொருளை வெளியிலிருந்து வாங்காமல் பண்ணைக்குள்ளேயே உருவாக்குவது அவர் வலியுறுத்திய நெறி. கடனிலிருந்து விடுபட அந்நெறி பலருக்கு உதவியது. பண்ணை மிகச் சிறிதாகும்போது அந்நெறியும் வெளிவளத்தை நாடியாக வேண்டும் என்பதே முன்னுரையில் கண்ட கணக்கு உணர்த்தும் உண்மை.

அரசின் முயற்சிகளும் இக்கோணத்தில் மதிப்பிடத்தக்கவை. 2017 மார்ச்சில் 100 கோடி ரூபாய் மதிப்பில் 1,519 பணிகளோடு குடிமராமத்து என்னும் பெயர் மீண்டும் வந்தது. அதே ஆண்டில், 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளின்கீழ், ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுக்க வாய்ப்பளிக்கப்பட்டது. 2024இல் அனுமதி வழங்கும் அதிகாரம் வட்டாட்சியர் அளவுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கக வேளாண்மைக் கொள்கை 2023இல் வெளியாயிற்று. பசுந்தாளுர விதை வழங்குவதை ஒரு கூறாகக் கொண்ட ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 2024–25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்டது. வண்டலை மீண்டும் எருவாக ஏற்றுக்கொண்டதில் இவ்விதிகள் வரலாற்று முதன்மை உடையவை.

எனினும் வண்டல் இன்றும் ‘கனிமம்’ என்னும் வகைப்பாட்டிலேயே உள்ளது. அதைப் பெற நில ஆவணம் காட்ட வேண்டும். குத்தகை உழவரின் உரிமையைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டும், வாய்மொழிக் குத்தகையில் உழுவோர் பலர் ஆவணத்துக்கு வெளியே நிற்கின்றனர். மண்வெட்டி எந்திரமும் டிராக்டரும் வாடகைக்கு அமர்த்த இயலாதவருக்கு இலவச வண்டலும் எட்டாது. அவ்விடைவெளியில், உழவரின் பெயரால் எடுக்கப்படும் மண் செங்கற்சூளைக்குச் செல்கிறது என்னும் முறையீடு தொடர்ந்து எழுகிறது. உரிமை ஊரிடம் இல்லாதபோது அனுமதிச் சீட்டு வலியவர் கைக்கே போய்ச் சேரும் என்பதற்கு 1882க்குப் பிந்திய காட்டின் வரலாறே முன்னுதாரணம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். வண்டல், தழை, கிடை ஆகிய முறைகள் வயலின் எல்லைக்குள் நிறைவு பெறுபவை அல்ல. அவை பொதுநிலத்தின் விளைச்சலைத் தனிநிலத்துக்குக் கொண்டுசேர்த்த வழிகள். அவற்றின் தளர்ச்சி வேதியுரத்துக்கு முந்தியது. வரி, காடு, ஏரி பற்றிய சட்டங்களில் வேர்கொண்டது. பழைய பொதுவுரிமையும் சாதியால் கூறுபட்டிருந்ததால், மீட்பு என்பது புதிய பங்கீட்டையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும்.

நிலைத்த வேளாண்மைக்கான திட்டங்கள் இன்று பயிற்சி, விதை, சான்றிதழ் ஆகியவற்றைச் சிறு உழவருக்கு அளிக்கின்றன. இவை தேவையானவை. இவற்றோடு, ஏரிப் படுகையின் வண்டலில் ஆயக்கட்டு உழவர் அனைவருக்கும் குத்தகையாளர் உட்பட உறுதியான பங்கு, எஞ்சிய புறம்போக்குகளில் ஊரார் வெட்டிக்கொள்ளும் தழை மரங்கள், மந்தை வழிகளுக்குப் பாதுகாப்பு ஆகியவை கொள்கையில் இடம்பெற வேண்டும். முக்கால் ஹெக்டேர் உழவரிடம் இயற்கை வேளாண்மைக்கு மாறுமாறு கூறுவோர், அதற்கான எருவை அவர் எங்கிருந்து எடுப்பார் என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். அவ்விடை அவருடைய வரப்புக்கு வெளியே உள்ளது.